உங்க பேர்ல எத்தனை சிம்?

காலேஜ் சேர்ந்ததும் பொத்தேரி, செங்கல்பட்டுப் பக்கம் ரோட்டோரக் குடைக்கடையில சிம் வாங்குவோம். "ரேகை சரியா விழல, திரும்ப வைங்க" என்பார்கள். நிஜமாவே விழாம இருக்கலாம். ஆனா, அந்த இரண்டாவது ரேகையில உங்க பேர்ல இன்னொரு சிம் எடுத்து மோசடிக் கும்பலுக்கு விற்பதும் நடக்கிறது. அந்த நம்பர்ல யாரையாவது ஏமாத்தினா, போலீஸ் முதல்ல தேடுறது உங்களைத்தான்.

ஒருத்தர் பேர்ல 9 சிம் வரை அனுமதி. அதனால ஒண்ணு கூடினாலும் தெரியாது. சஞ்சார் சாத்தி தளத்துல உங்க நம்பர், ஓடிபி போட்டா மொத்தப் பட்டியலும் வரும். தெரியாத எண்ணை 'என்னுடையது இல்லை' என்று புகார் பண்ணுங்க.

ஆதார்ல பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வைங்க. மாமல்லபுரம் லாட்ஜில் ஆதார் கேட்டா, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் கொடுங்க. பணமே போயிட்டா, உடனே 1930.