சோல் வாய்பிளப்பது ஓரத்தில்தான்

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதிக்குத் தயாராகும் தோல் ஷூக்கள் பலவற்றில் சோலைத் தைப்பதில்லை, பசையால் ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டிய ஷூ வாய்பிளந்தால் பெரும்பாலும் முன்பக்க ஓரத்தில்தான் பிளக்கும். நடுப்பாதத்தில் பசை எவ்வளவு இறுகியிருந்தாலும் அது ஓரத்தைக் காப்பாற்றாது. நடக்கையில் முன்பாதம் மடங்கும் ஒவ்வொரு முறையும் இழுவிசை ஒட்டின் விளிம்புக் கோட்டில் குவிகிறது. அதனால்தான் பாதுகாப்புக் காலணிக்கான ஐஎஸ்ஓ 20345 தரநிலை ஒட்டின் வலுவைப் பரப்பை வைத்துக் கணக்கிடுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைந்தது 4 நியூட்டன் வேண்டும் என்கிறது. சோலே கிழிந்துபோனால் மட்டும் 3 போதும்.

முதல் தவறு ரஃபிங்கில், அதாவது ஒட்டுமுன் தோலைச் சுரண்டும் வேலையில் நடக்கிறது. ஷூவின் மேல்பகுதியான அப்பரின் பூச்சைச் சுரண்டி எடுக்காவிட்டால் பசை பூச்சைப் பிடிக்குமே தவிர தோலைப் பிடிக்காது. குறித்த கோட்டைத் தாண்டிச் சுரண்டினால் வடு வெளியே தெரியும், ஷூ ரிஜெக்ட் ஆகும். இதற்குப் பயந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திவிட்டால் அந்தக் குறையைச் சோல் மூடிவிடும், பரிசோதனை மேசையில் யார் கண்ணிலும் படாது. பசை வெளியே வழியக்கூடாது என்று பிரஷ்ஷும் அதே இடத்தில் பின்வாங்கும்.

அடுத்தது சூடு. காய்ந்த பாலியூரித்தேன் பசைக்குச் சூடேற்றினால்தான் பிடிப்பு வரும். சூட்டிலிருந்து பிரஸ்ஸுக்குப் போவதற்குள் மெல்லிய ஓரமே முதலில் ஆறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆபத்து இன்னும் கூடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பசைப் படலம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியலாம். அந்த ஈரத்தின்மேல் பிடிப்பு வராது.

மூன்றாவது அழுத்தம். மரவேலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: பலகையில் வேனீர் என்ற மெல்லிய மரத்தாளை ஒட்ட, காற்றை உறிஞ்சிய பையால் அழுத்தும் வேக்குவம் பிரஸ்ஸில் கிடைப்பது அதிகபட்சம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். அந்தப் பை பலகையின் ஓரத்தில் ஒட்டிப் படியாமல் தூக்கி நின்றால் அதுவும் அங்கே சேராது. ஷூவிலும் அப்படித்தான். சுவர் உயர்ந்த கப் சோலைக் கீழிருந்து மட்டும் அழுத்தினால் பக்கச் சுவர் ஒட்டாது, பக்கவாட்டிலும் அழுத்தம் வேண்டும். பிரஸ்ஸின் மீட்டர் காட்டும் அளவு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்த அளவு அல்ல.

எனவே ஒவ்வொரு லாட்டிலும் ஒரு ஜோடியை, பசை முழு வலு பெற ஓரிரு நாள் விட்டு, முன் ஓரத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பசையோடு தோல் நாரும் பிய்ந்து வந்தால் ஒட்டு சரி. பசை வழவழவென்று தனியே உரிந்து வந்தால் அந்த லாட் கன்டெய்னரில் ஏறக்கூடாது.