ஆறிய காயத்தின் அடையாளம்

லூக்கா எழுதின சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இருவர் எருசலேமிலிருந்து எம்மாவு என்னும் கிராமத்துக்கு நடந்து செல்கிறார்கள். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வழி. அவர்கள் நம்பியிருந்தவர் சிலுவையில் அறையுண்டு மரித்து மூன்றாம் நாள் அது. நடுவழியில் முன்பின் அறியாத ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். வந்தவர் உடனே போதிக்கத் தொடங்கவில்லை. எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள், ஏன் துக்கமாயிருக்கிறீர்கள் என்று கேட்கிறார். எருசலேமில் நடந்தவற்றை அவரைவிட அறிந்தவர் ஒருவருமில்லை. ஆயினும் அவர்கள் வாயாலேயே முழுவதையும் சொல்லவிட்டு, அதன் பிறகே தம் வாயைத் திறக்கிறார். நோயாளியிடம் நோயின் வரலாற்றைக் கேட்டறியும் முறைக்கு இதைவிடச் சிறந்த பாடம் மருத்துவ நூல்களிலும் இல்லை என்று எங்களுள் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவ்விதழை வாசிக்கும் பலர் இத்தகைய வழிப்பயணத்தின் நடுவில் இருப்பவர்களே. காட்பாடி சந்திப்பில் இறங்கி, பேருந்திலோ ஆட்டோவிலோ பாலாற்றைக் கடந்து வந்திருப்பீர்கள். புறநோயாளர் பிரிவின் நீண்ட பெஞ்சுகளில், பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் உங்கள் வீட்டாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள். அவர் சொன்னதைக் கேட்டுமிருப்பீர்கள். அப்படிப்பட்ட உரையாடல் ஒன்றை, உரியவர்களின் அனுமதி பெற்று, பெயரும் அடையாளமும் இன்றி இங்கே எழுதுகிறோம்.

வாணியம்பாடியில் சக மருத்துவர் ஒருவரின் இல்லத் திருமணத்துக்காக நாங்கள் இருவர் காட்பாடியிலிருந்து மாலை ரயிலில் சென்றோம். முன்பதிவு இல்லாத பெட்டி. எதிர் இருக்கையில் வெண்தாடியுடன் ஒரு பெரியவரும், அருகில் அவருடைய மகளும் அமர்ந்திருந்தனர். மகளின் வலக்கையைத் துப்பட்டா முழுவதுமாக மூடியிருந்தது. குடியாத்தத்தில் தேநீர் வந்தபோது அவர் இடக்கையால் வாங்கினார், இடக்கையாலேயே சில்லறை கொடுத்தார்.

பேச்சைத் தொடங்கியவர் பெரியவர்தாம். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ரகம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். இப்போது ஓய்வு. மகள் காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதி தைப்பவர். வீட்டில் கொதிக்கும் கஞ்சி கொட்டிக் கை வெந்துபோனது. புண் ஆறியபோது தோல் சுருங்கி விரல்களை உள்நோக்கி இழுத்துவிட்டது. அறுவை சிகிச்சையில் அதை விடுவித்து, தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டியிருந்தார்கள். விரல்கள் இப்போது நீளுகின்றன. ஆனால் மகள் வேலைக்குத் திரும்ப மறுக்கிறார். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் போவதில்லை. கையை ஒருவரும் பார்க்கக்கூடாது.

“தம்பி, நான் தோல் பார்க்கிறவன்” என்றார் பெரியவர். “ஒரு தோலை விரித்துப் போட்டால் அந்த மாடு முள்வேலியில் கிழித்துக்கொண்டதா, உண்ணி கடித்ததா, சூடு போட்டார்களா, நுகத்தடி தேய்த்ததா, எல்லாம் எனக்குத் தெரியும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை எடுத்த பிறகு எதையும் மறைக்க முடியாது.”

“தழும்பு இருந்தால் கழித்துவிடுவீர்களா, பாய்?” என்று கேட்டோம்.

“விலை குறையும். அது வாங்குகிறவன் கணக்கு. ஆனால் ஓட்டை வேறு, தழும்பு வேறு. காயம் ஆறுவதற்குள் மாடு செத்திருந்தால் தோலில் ஓட்டைதான் இருக்கும். தழும்பு இருந்தால், அந்த மாடு அதற்குப் பிறகும் மேய்ந்திருக்கிறது, கன்று போட்டிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர்கள் தைத்தார்கள், ஆற்றியவன் அல்லாஹ். இதை வீட்டில் சொன்னால், என்னை மாட்டுத் தோலோடு ஒப்பிடுகிறீர்களா என்று இவள் சண்டைக்கு வருகிறாள்.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, கோபித்தாரா என்று தெரியவில்லை. மேல்பட்டி தாண்டிய பிறகுதான் முதன்முறையாக எங்களைப் பார்த்துப் பேசினார். நாங்கள் மருத்துவர்கள் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. “இது எப்போதும் இப்படியேதான் இருக்குமா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு ரயிலில் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறோம், ஏனெனில் இதைக் கேட்க விரும்பியும் கேளாமல் வீடு திரும்புவோர் பலர். தழும்பு முற்றிலும் மறையாது. ஆனால் இன்று காண்பதைப்போலவே அது இருந்துவிடுவதுமில்லை. முதல் மாதங்களில் சிவந்து, தடித்து, அரிக்கும். ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை மெல்ல மெல்லத் தணிந்து, தட்டையாகி, நிறம் மங்கும். நமது தோலின் உறுதிக்குக் காரணம் கொல்லாஜன் என்னும் நார். இயல்பான தோலில் அது கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுகிறது. காயத்தை மூடும்போது உடலுக்கு அவ்வளவு பொறுமையாக முடைய நேரமில்லை. நார்களை ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கிவிடுகிறது. ஆகவே முற்றிலும் ஆறிய தழும்பும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் எட்டும். தோல் பதனிடுவோர் கையில் எஞ்சுவதும் இதே நார்ப்படலமே. பெரியவர் பார்த்ததும் நாங்கள் படித்ததும் ஒரே பொருளைத்தான் என்பது எங்களுக்கு அன்று வியப்பளித்தது.

ஆம்பூரில் இறங்கும்போதும் துப்பட்டா அந்தக் கையை மூடியேதான் இருந்தது.

வாணியம்பாடி வரை எங்கள் பேச்சு லூக்காவின் அதே அதிகாரத்தைச் சுற்றியே சென்றது. எம்மாவில் அந்த இருவரும் உடன்வந்தவரை அடையாளம் கண்டுகொண்டது அவர் அப்பத்தைப் பிட்டபோது. அப்பம் பிட்ட கைகளின் தழும்புகளை அவர்கள் அப்போது கண்டிருக்கலாம் என்று சிலர் கருதுவதுண்டு. லூக்கா அப்படிச் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்றிரவே எருசலேமில், பயந்து நின்ற சீஷர்களுக்கு இயேசு தம் கைகளையும் கால்களையும் காண்பித்தார் என்பதை லூக்கா தெளிவாகவே எழுதியிருக்கிறார். யோவானின் சுவிசேஷத்தில் தோமா ஐயப்பட்டபோதும் அவர் காட்டியது காயங்களின் தடத்தையே. மரணத்தை வென்ற உடலுக்கு அந்தத் தடங்களை நீக்கிக்கொள்வது அரிதாயிருந்திருக்குமா? அவர் நீக்கிக்கொள்ளவில்லை. உயிர்த்தெழுந்தவர் தாமே என்பதற்கு அவற்றையே சாட்சியாக வைத்துக்கொண்டார். ஓட்டைக்கும் தழும்புக்கும் பெரியவர் சொன்ன வேறுபாடு, பல முறை வாசித்த அந்தப் பகுதியை எங்களுக்குப் புதிதாக்கியது. அவர் எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். எங்களுக்குப் போதிக்கவும் எண்ணவில்லை. மகளைத் தேற்ற ஒரு சொல் தேடினார், அவ்வளவே.

வேலூரில் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மூடிய கைகளைத் திறக்கச் செய்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு இழந்ததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். அந்நோயாளிகள் கூடிய ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அவர் ஒருமுறை சென்றதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பேசும்படி அவரைக் கேட்டுக்கொண்டனர். ஆயத்தமாக எதையும் கொண்டுவந்திராத அவர் சுற்றிலும் அமர்ந்திருந்தவர்களின் கைகளைப் பார்த்தார். பெரும்பாலானவை மறைந்தும் மறையாமலும் மடியில் ஒதுங்கிக் கிடந்தன. கை மருத்துவரான அவர் இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். குழந்தையின் சின்னக் கைகள், உளிபிடித்துக் காய்த்த தச்சனின் கைகள், நோயாளிகளைத் தொட்ட கைகள், ஆணி ஊடுருவி நரம்பறுந்து மடங்கிய கைகள், பின்பு உயிர்த்தெழுந்தும் தழும்போடு நீட்டப்பட்ட கைகள். பேச்சு முடிந்தபோது அவர்கள் இரு கைகளையும் குவித்து வணங்கினார்கள். அதே குறுகிய விரல்கள்தாம். ஒருவரும் அவற்றை மறைக்கவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிடத் தோன்றுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நம் பகுதியில் தோல் தொழிலால் வாழும் குடும்பங்கள் ஏராளம். அந்த வாடையைச் சொல்லி இவர்களைத் தள்ளி வைத்த காலம் முற்றிலும் கடந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பா பட்டணத்தில் பேதுரு அநேக நாட்கள் தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் என்பவரின் வீட்டில்தான். செத்த விலங்குகளைத் தொடுகிற தொழிலை அந்நாளைய யூதர் தாழ்வாகவே எண்ணினர். யாரையும் தீட்டுள்ளவரென்று சொல்லக்கூடாது என்னும் வெளிப்பாடு பேதுருவுக்குக் கிடைத்தது அவ்வீட்டு மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தபோதே. இந்த இடப்பொருத்தத்தைப் பிரசங்கங்களில் நாங்கள் அதிகம் கேட்டதில்லை. ஆம்பூரில் கேட்டிருக்க வேண்டும்.

இனி, நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் சில வார்த்தைகள். தீக்காயமோ அறுவை சிகிச்சையோ, எதனால் வந்த தழும்பாயினும், அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். புண் முழுவதும் மூடிய பிறகு தினமும் மெதுவாக எண்ணெய் தடவி நீவுவதும், வெயில் படாமல் காப்பதும், கற்றுக்கொடுத்த விரல் பயிற்சிகளை விடாமல் செய்வதும் பயன் தரும். இறுக்க உறை கொடுத்திருந்தால், அரிக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள். ஒட்டிய தோல் சுருங்கும் இயல்புடையது. தொடக்க மாதங்களில் பயிற்சியை நிறுத்தினால் விரல் மீண்டும் மடங்கக்கூடும். தழும்பு தன் எல்லையைத் தாண்டி வளர்ந்தாலும், பல மாதம் கழித்து அதில் புண் தோன்றி ஆறாமல் இருந்தாலும் உடனே வந்து காட்டுங்கள்.

உடனிருப்பவர்கள், தழும்பைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். “ஒன்றுமே தெரியவில்லை” என்று பொய் சொல்லவும் வேண்டாம், அவர்களிடமும் கண்ணாடி இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை அருகில் இருங்கள். சொல்ல ஏதுமில்லையென்றால், அந்தக் கையைப் பிடித்து எண்ணெய் தடவிவிடலாம்.