குழாய்த் தண்ணீருக்குள் எவ்வளவு மின்சாரம்?

தொம்மலூரில் உங்கள் வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறதா? ஒரு நிமிடம் யோசியுங்கள். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே, மேட்டில் இருக்கும் ஊர். தண்ணீர் எடுக்கும் இடத்தில் காவிரி இதைவிட ஏறக்குறைய 300 மீட்டர் தாழ்வாக ஓடுகிறது.

பிறகு எப்படி மேலே வந்தது? மோட்டார் வைத்துத் தூக்குகிறார்கள். சிவசமுத்திரம் பக்கம் ஆற்றில் எடுத்த நீரைத் தொரேகாடனஹள்ளியில் சுத்தம் செய்கிறார்கள். அங்கே ஒரு முறை, ஹாரோஹள்ளியில் ஒரு முறை, தாதகுணியில் ஒரு முறை என்று மூன்று கட்டமாக ஏற்றுகிறார்கள். குழாய் வழியே சுமார் 100 கிலோமீட்டர் பயணம்.

அதற்குச் செலவான மின்சாரம் எங்கே போனது? ஒரு பகுதி மோட்டாரும் குழாயும் சூடாவதில் போய்விடுகிறது. மீதி, தண்ணீரிடமே தங்கிவிடுகிறது. பார்த்தால் தெரியாது, தொட்டாலும் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீர் திரும்பக் கீழே விழும்போது வெளிப்படும். இதற்குத்தான் நிலையாற்றல் (உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளிடம் சேர்ந்திருக்கும் ஆற்றல்) என்று பெயர்.

அதைக் கணக்கிட முடியுமா? சுலபம். நிறையை 10-ஆல் பெருக்கி, உயரத்தாலும் பெருக்குங்கள். அந்த 10, பூமி இழுக்கும் இழுப்புக்கான எண், துல்லியமாக 9.8. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 300 மீட்டர் ஏற்றினால் 1 × 10 × 300 = 3,000 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல்.

இப்போது உங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு வருவோம். 1,000 லிட்டரைச் சம்ப்பிலிருந்து 12 மீட்டர் மேலே ஏற்றினால், தண்ணீரில் சேரும் ஆற்றல் 1.2 லட்சம் ஜூல். ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதே 1,000 லிட்டர் ஆற்றிலிருந்து ஊருக்கு ஏறி வர 30 லட்சம் ஜூல் வாங்கியிருக்கிறது, அதாவது 25 மடங்கு. மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்தால், உங்கள் ரசீதில் தெரிவது சிறிய பங்கு மட்டுமே. பெரிய பங்கு தொரேகாடனஹள்ளி முதல் தாதகுணி வரை மூன்று கட்டங்களிலேயே செலவாகிவிட்டது.

மேல்மாடியில் ஷவர் ஏன் சொட்டுச் சொட்டாக வருகிறது? தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே உயரம் போதாது. நிலையாற்றல் இறங்க இறங்க இயக்க ஆற்றலாக (ஓடும் பொருளிடம் இருக்கும் ஆற்றல்) மாறுகிறது. இரண்டு மீட்டர் இறங்கிய நீரைவிடப் பத்து மீட்டர் இறங்கிய நீருக்கு வேகம் அதிகம். மேல்மாடி ஷவர் சரியாக வரவேண்டுமென்றால் தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது அழுத்தம் கூட்டும் பம்ப் வைக்க வேண்டும். பெரிய தொட்டி வாங்கிப் பயனில்லை. இங்கே உயரம்தான் பேசும், கொள்ளளவு அல்ல.

விழும் நீரின் வேகத்தைப் பிடித்து மின்சாரமாக்கலாமா? சிவசமுத்திரத்தில் 1902-லேயே செய்துவிட்டார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் முளைத்த திட்டம் அது. குழாய் வழியே பாய்ந்து இறங்கிய காவிரி சக்கரங்களைச் சுழற்ற, மின்சாரம் கம்பி வழியாகச் சுமார் 147 கிலோமீட்டர் போய்க் கோலார் தங்க வயலில் இயந்திரங்களை ஓட்டியது. தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த வயல் அது. 1905-ல் பெங்களூர்த் தெருவிளக்குகளும் எரிந்தன.

அப்படியானால் விழும் காவிரி தரும் மின்சாரத்தில் அதே தண்ணீரை மேலே ஏற்றி, மறுபடி விழவைத்து, காலம் முழுக்க ஓட்டலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. முடியாது. ஆற்றல் அழிவதில்லை, ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு உரசலால் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். விழுந்து கொடுத்தது எப்போதும் தூக்கத் தேவைப்படுவதைவிடக் குறைவு.

இதே கணக்கைச் சாலையில் பாருங்கள். ஒரு மேம்பாலத்தில் 5 மீட்டர் உயரம் இறங்கும் சைக்கிள், மிதிக்காமலேயே மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எட்டலாம். காற்றும் டயரும் தின்பதால் நிஜத்தில் குறையும். குண்டான நண்பர் இன்னும் வேகமாக வருவாரா? இந்தக் கணக்கில் இல்லை. அவருக்கு ஆற்றல் அதிகம், ஆனால் அது நகர்த்த வேண்டிய உடம்பும் அதிகம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும்.

கவனிக்க வேண்டியது வேறு. இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் (அதே எண்ணை அதனாலேயே பெருக்குவது) பெருக்கினால் வருவது. எனவே மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 40-க்குப் போனால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் அதையெல்லாம் வெப்பமாக்க வேண்டும். பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்கு. மழையில் இன்னும் நீளும். ஆகவே சரிவின் அடியில் போய்ப் பிடிக்காதீர்கள், உச்சியிலிருந்தே லேசாகப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

வீட்டில் மின்சார ஸ்கூட்டர் இருக்கிறதா? பல வண்டிகளில் வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, இயக்க ஆற்றலில் கொஞ்சத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் மட்டும் அதற்கு இடமிருக்காது. காலையில் சார்ஜ் முழுமையாகி வெளியே கிளம்பும்போது வண்டி வழக்கம்போல் தானாக மெதுவாகவில்லை என்றால் காரணம் அதுதான். அப்போது பிரேக்கைச் சற்று முன்னதாகவே பிடியுங்கள்.