கண்ணை ஏமாற்றும் கனிமம்

நிறமில்லாமல், பளிச்சென்று, மெல்லிய தகடுபோல் இருக்கும் ஒரு கல்லை உங்கள் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கனிமங்களை ஓரளவு அறிந்தவர்கள் ஜிப்சம் என்பார்கள். ஜிப்சம் நமக்குப் பழக்கமான பொருள்தான். கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியிலும், இங்கே செபராங் ஜெயாவில் நாம் காணும் வீடுகளின் சீலிங் பலகையிலும் அது இருக்கிறது. அதனால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏறக்குறைய அதே தோற்றத்தில் வேறொரு கனிமமும் உண்டு. அதன் எடையில் பாதிக்குமேல் காரீயம். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்சனிக். அதன் பெயர் சுல்டெனைட்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டு ஈய லம்பங்களில் எடுத்தது வெள்ளீயம். இங்கு நாம் பேசுவது காரீயம். அது வேறு உலோகம். ஆர்சனிக்கும் நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்று அழைத்தது ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் கூடிய பொருளைத்தான்.

சுல்டெனைட் முதன்முதலில் ஆப்பிரிக்காவின் தென்மேற்கே, இன்றைய நமீபியாவில் உள்ள சூமெப் சுரங்கத்தில் கண்டறியப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட கனிம வகைகளைத் தந்த புகழ்பெற்ற சுரங்கம் அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் என்னும் கனிமவியலார் 1926-இல் இக்கனிமத்தைப் பற்றி எழுதினார். இதே பொருளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் படிகமாகச் செய்து காட்டியிருந்தவர் பின்லாந்து நாட்டு வேதியியல் பேராசிரியர் சுல்டேன். அவர் நினைவாகவே கனிமத்துக்குப் பெயர் வைத்தார்கள். மனிதன் முதலில் செய்தான். இயற்கையும் அதைச் செய்து வைத்திருந்தது பின்னரே தெரியவந்தது.

இது எப்படி உண்டாகிறது? பூமிக்குள் காரீயமும் ஆர்சனிக்கும் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்தே கிடக்கின்றன. மழைநீரும் காற்றும் மேலிருந்து கசிந்து இறங்கும்போது அக்கனிமங்கள் சிதைகின்றன. கந்தகத்தின் பிடி விட்டுப்போய், ஆர்சனிக் ஆக்சிஜனோடு கூடுகிறது. அது காரீயத்தோடு சேரும்போது காரீய ஆர்சனேட்டு பிறக்கிறது. அந்த நீரில் குளோரின் உப்பு இருந்தால், பெரும்பாலும் மிமெட்டைட் என்ற வேறொரு காரீய ஆர்சனேட்டு உண்டாகிவிடும். சுல்டெனைட் அரிதாகவே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஜிப்சத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? கடினத்தன்மையை வைத்துச் சொல்வது எளிதன்று. மோஸ் அளவுகோலில் ஜிப்சம் 2, சுல்டெனைட் ஏறக்குறைய 2.5, இரண்டும் மென்மையானவையே. இரண்டும் ஒற்றைச்சரிவுப் படிகத் தொகுதியைச் சேர்ந்தவை. ஆனால் எடை உண்மையைச் சொல்லிவிடும். ஜிப்சத்தின் ஒப்படர்த்தி 2.3, சுல்டெனைட்டின் ஒப்படர்த்தி சுமார் 6. ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்று மற்றதைப்போல் இரண்டரை மடங்கு கனக்கும்.

இனம் பிரிப்பதற்குத் தோற்றம் உதவாது என்பதால்தான், அறிஞர்கள் கனிமங்களை அவற்றின் உட்பொருளையும் அணுக்களின் அமைப்பையும் கொண்டு வகுத்தார்கள். ஜிப்சம் சல்பேட்டு வகுப்பில் சேரும். சித்த மருத்துவம் கூறும் தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் கனிமங்களே. ஆனால் அவற்றில் ஆர்சனிக் கந்தகத்தோடு இணைந்திருப்பதால் அவை சல்பைடு வகுப்பு. சுல்டெனைட்டில் ஓர் ஆர்சனிக் அணுவை நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. ஆகவே அது பாஸ்பேட்டு, ஆர்சனேட்டு, வனடேட்டு ஆகியவை சேர்ந்த வகுப்பில் வருகிறது.

பாஸ்பேட்டையும் ஆர்சனேட்டையும் ஏன் ஒரே வகுப்பில் வைத்தார்கள்? பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்சனிக் எளிதாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மிமெட்டைட் என்ற பெயரே, போலி செய்வது என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து 1832-இல் வந்தது. அது பைரோமார்பைட் என்னும் காரீயப் பாஸ்பேட்டை அப்படியே ஒத்திருக்கும். நேயர்களே, இந்தப் போலி வேலை கல்லோடு நின்றுவிடுவதில்லை. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் ஆற்றல் பெறப் பாஸ்பேட்டை நம்பியிருக்கிறது. அந்த இடத்தில் ஆர்சனேட்டு புகுந்துகொண்டால் வேலை கெடுகிறது. ஆர்சனேட்டு நஞ்சாவதற்கு இது முக்கியமான காரணம்.

சுல்டெனைட்டின் அதே வேதியியல் பொருளைத் தொழிற்சாலையில் செய்து, பூச்சிகொல்லியாகத் தெளித்த காலமும் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1892-இல் மரங்களைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களை அழிக்கக் காரீய ஆர்சனேட்டைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு அது ஆப்பிள் தோப்புகளில் பரவியது. 1988-இல் அந்நாடு அதன் பயன்பாட்டை முற்றாக நிறுத்தியது. ஆனாலும் பழைய தோப்பு மண்ணில் காரீயமும் ஆர்சனிக்கும் இன்னும் தங்கியிருக்கின்றன. அவை தனிமங்கள், மக்கி மறைந்துபோவன அல்ல.

நம் ரப்பர்த் தோட்டங்களில் இதன் நெருங்கிய உறவான சோடியம் ஆர்சனைட் களைக்கொல்லியாகப் பயன்பட்டது. இதில் ஓர் ஆர்சனிக் அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள். நச்சுத்தன்மையோ இன்னும் அதிகம். 1960-களில் பாராகுவாட் வந்தபின் அதன் பயன்பாடு குறைந்தது. பாராகுவாட்டும் கொடிய நஞ்சுதான்; மலேசியா அதை 2020-இல் தடைசெய்தது. ஆனால் தோட்டத்தில் நாம் இவை எல்லாவற்றையும் ‘மருந்து’ என்றே சொல்லி வந்தோம். ‘மருந்தடிக்கப் போகிறேன்’ என்று தாய் சொல்லிச் சென்றால், பிள்ளைக்கு அச்சம் எங்கிருந்து வரும்? தோற்றம் ஏமாற்றுவதுபோலவே சொல்லும் ஏமாற்றும்.

ஆகவே ஒன்றை மனத்தில் கொள்வோம். பெயர்ச்சீட்டு இல்லாத வெள்ளைத் தூளையோ, இன்னதென்று தெரியாத கல்லையோ நாவில் வைத்துப் பார்க்கக் கூடாது. மருந்து இருந்த தோம்பில் தண்ணீர் பிடித்து வைக்கக் கூடாது. அதை எவ்வளவு கழுவினாலும் சரி, வீட்டுப் புழக்கத்துக்கு ஆகாது. ஒரு பொருளின் இனம் அதன் உள்ளே இருக்கிறது என்பதைக் கனிமவியல் நமக்குக் காட்டுகிறது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.