முதல் நூறு பேர்

சித்தூர் ஜில்லா கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் மாங்கூழோ வெல்லமோ விற்கத் தலைப்படும் ஒருவர், தம்மிடம் ஒருமுறை வாங்கியவர்களின் எண்களையெல்லாம் திரட்டி வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை ஏற்படுத்தி, காலையில் ஒரு வணக்கமும் மாலையில் ஒரு விலைப்பட்டியலும் அனுப்பிக்கொண்டிருந்தால், வாடிக்கையாளர் சமூகம் ஒன்று அமைந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். அது சமூகம் அன்று; தண்டோரா. கூடியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும், குறை சொல்லவும், சொன்ன குறைக்குப் பலன் கண்டதைக் கண்ணால் பார்க்கவும் இடமில்லாத சபையில் எவர்தாம் நீடித்து உட்கார்ந்திருப்பார்?

வாடிக்கையாளரைப் பேசவிட்டுச் சமூகமாக்கும் வித்தையைத் தொழிலின் அஸ்திவாரமாகவே வைத்துக்கொண்ட ஸ்தாபனம் ஒன்றின் சரக்கு, நம் பக்கத்திலேயே உற்பத்தியாயிற்று என்பது பலர் கவனியாத விஷயம். தடாவை அடுத்த ஸ்ரீசிட்டி முன்பு சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்தது. அங்குள்ள பாக்ஸ்கான் ஆலையிலிருந்துதான், சீன தேசத்து ஷாவ்மி கம்பெனி இந்தியாவில் தயாரித்த முதல் கைபேசி 2015 ஆகஸ்டில் வெளிவந்தது.

லெய் ஜுன் என்பவரும் அவருடைய சகாக்களும் 2010 ஏப்ரலில் பெய்ஜிங்கில் அக்கம்பெனியைத் தொடங்கியபோது அவர்களிடம் விற்பதற்குக் கைபேசியே இல்லை. பிறர் செய்த கைபேசிகளில் ஏற்றிக்கொள்ளத்தக்க எம்ஐயூஐ என்னும் மென்பொருள் மட்டும் அவ்வாண்டு ஆகஸ்டில் ஆயத்தமாயிற்று. விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்காமல், கைபேசிப் பிரியர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடங்களைத் தேடிச் சென்று, பேச்சில் ருசியுள்ளவர்களாகப் பார்த்து நூறு பேரை அதைப் பயன்படுத்திப் பார்க்க அழைத்துவந்தனர். அந்த நூறு பேரின் பெயர்களும் கைபேசியை உயிர்ப்பிக்கும்போது திரையில் தோன்றும்படி பொறிக்கப்பட்டன. 2013-இல் அவர்களை நினைந்து கம்பெனி ஒரு குறும்படமும் எடுத்தது. காசு கொடுத்து வாங்கக்கூடிய மரியாதையா இது?

மரியாதையோடு நின்றிருந்தால் அது வெறும் உபசாரமாகப் போயிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் புதிய பதிப்பை வெளியிடுவது, அதைப் பயன்படுத்தியவர்களின் அபிப்பிராயத்தை அடுத்த சில தினங்களில் திரட்டுவது, அவர்கள் சுட்டிய பிழைகளைத் திருத்தி மறு வெள்ளிக்கிழமை மீண்டும் வெளியிடுவது என்று வாரச்சந்தையைப்போல் தவறாத ஓர் ஒழுங்கை அவர்கள் ஏற்படுத்தினார்கள். மென்பொருளை எழுதிய பொறியாளர்களே, இடையில் ஒரு குமாஸ்தாவை நிறுத்தாமல், கேள்விகளுக்கு நேரே பதில் எழுதவேண்டும் என்று விதித்தார்கள். அந்த வாரத்தின் அம்சங்களுள் பயனர்களின் வாக்கை அதிகம் பெற்றதைச் செய்தவருக்குப் பரிசு, ஒரு வாளி சோளப்பொரி! பரிசின் விலை அற்பந்தான். ஆனால் அதை வழங்கியவர் மேலதிகாரி அல்லர், வாடிக்கையாளர். கம்பெனி வெளிநாடுகளுக்குச் செல்லுமுன்னரே, ஸ்பெயின் முதலிய தேசங்களின் ஆர்வலர்கள் அந்த மென்பொருளைத் தத்தம் பாஷைகளில் பெயர்த்துக்கொண்டார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் நம் எல்லைப்புறத்தார் இதைக் கவனிக்கவேண்டும்: உறுப்பினர் எந்தப் பாஷையில் குறை சொல்கிறாரோ அந்தப் பாஷையிலேயே பதில் கிடைக்கவேண்டும்.

2017-இன் கடைசிக் காலாண்டில் ஷாவ்மி இந்தியச் சந்தையில் சாம்சங்கை முந்தியதற்கு மலிவான விலையே முக்கிய காரணம் என்று சொல்வாருண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த மலிவுக்கே, விளம்பரத்தில் மிச்சமான பணமும் ஒரு காரணம் அல்லவா? பிற்காலத்தில் அதே மென்பொருளுக்குள் விளம்பரங்கள் நுழைந்தபோது, பழைய அபிமானிகளே முன்வந்து முணுமுணுத்தார்கள். உரிமை கொடுத்து வளர்த்தவர்களின் அதிருப்தி, வழிப்போக்கருடைய அதிருப்தியைவிடக் கடுமையாகத்தான் இருக்கும்.

இணையக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவரே பெரும்பங்கு பேசுவார் என்று 2006-இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேகப் நீல்சன் ஒரு கணக்குச் சொன்னார். ஆகவே குழுவில் நிலவும் மௌனத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அந்த ஒருவருக்குச் சொல்லப்படும் பதிலைத் தொண்ணூறு பேரும் படிக்கிறார்கள்.

வெல்லத்தில் மணல் இருக்கிறது என்று நாளை ஒருவர் குழுவில் எழுதினால், அதை அழித்துவிடாமல், எந்தக் கொப்பரையில் காய்ச்சியது, இனி என்ன செய்யப்போவது என்பதை அதே இடத்தில், எல்லோரும் காண, வெல்லம் காய்ச்சியவரே எழுதட்டும். விலைப்பட்டியலை அடுத்த வாரம் அனுப்பிக்கொள்ளலாம்.