எழுவகை மதமும் அடிக்குறிப்பும்

பரமக்குடி போன்ற ஊர்களின் கல்லூரிகளில் தமிழாய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர் முதலில் பழக வேண்டியவை, சான்று எங்குள்ளது என்பதைப் பக்கத்தின் அடியில் உரைக்கும் அடிக்குறிப்பு, சற்றுமுன் காட்டிய நூலையே மீண்டும் சுட்டும் ‘மேலது’, இறுதியில் அகரவரிசையில் அமையும் துணைநூற்பட்டியல் முதலியனவாகும். இவை அச்சுக்காலத்தில் வேரூன்றிய வழக்கங்கள். ஆனால் பிறர் கருத்தை எவ்வாறு எடுத்தாள்வது என்னும் ஆராய்ச்சி தமிழ் இலக்கணத்தில் மிகப் பழையது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலாசிரியர் மேற்கொள்ளும் நிலைகளை ‘எழுவகை மதம்’ என வகுக்கிறது. மதம் என்பது இங்கே கொள்கையைக் குறிக்கும். பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடுமிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், எவரோடும் சாராது தன் கொள்கையே கொள்ளுதல் என அவை விரியும். முன்னோர் நூற்பாவை மாற்றாமல் எடுத்தாள்வதற்கும் அப்பாயிரம் காரணம் கூறுவதால், நன்னூலில் தொல்காப்பிய நூற்பாக்கள் அப்படியே நிற்பதை எவரும் திருட்டென்று கருதியதில்லை.

எனினும் இம்மரபில் ஒரு குறை இருந்தது. மேற்கோள் குறி இல்லாத ஏட்டில், பிறர் கூற்று முடியுமிடத்தை ‘என’, ‘என்று’, ‘என்ப’ போன்ற சொற்களே காட்டின. கூறியவர் யார், எந்த நூல் என்பதை உரையாசிரியர் பலவிடத்தும் சொல்லவில்லை, ஏனெனில் கற்பவர்க்கு அப்பாடல்கள் மனப்பாடமாக இருக்கும் என்று அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்த்த காலத்தில், வளையாபதி, குண்டலகேசி போன்றவை உரைகளிலும் தொகைகளிலும் சிதறிய செய்யுட்களாக மட்டுமே எஞ்சின.

சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், உரைகளில் பெயரின்றிக் கிடந்த மேற்கோள்களுக்கு மூலம் தேடியதும், ஏடுகளுக்கிடையே உள்ள பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்ததும் இக்குறையை நீக்கும் பெருமுயற்சியாக அமைந்தன. சேதுநாட்டுக்கும் இதில் பங்குண்டு: இராமநாதபுரம் சேதுபதி மரபினரான பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ‘செந்தமிழ்’ இதழை வெளியிட, அதன் ஆசிரியர்களாக விளங்கிய ரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் இலக்கியச் சான்றுகளை நிரல்படக் காட்டி வாதிடும் கட்டுரைநடையை வளர்த்தனர். மு. இராகவையங்கார் பின்னர்ப் பணியாற்றிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோ, சொற்பொருளுக்கு அருகிலேயே நூற்பெயரின் சுருக்கத்தையும் பாட்டெண்ணையும் அச்சிட்டது. இன்றைய ஆய்வேடுகளில் காணும் ‘குறள்.’, ‘புறநா.’ போன்ற சுருக்கங்களும் அவ்வகையினவே.

இவ்வாறு இடஞ்சுட்டும் முறை செம்மையுற, நிலைசுட்டும் முறை தேய்ந்தது என்றே சொல்ல வேண்டும். ‘என்பார் இன்னார்’ என்று அறிஞர் கூற்றுகளை அடுக்கிச் செல்லும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை எழுவகையுள் முதலாவதான உடன்படலிலேயே நின்றுவிடுகின்றன. வாய்மொழித் தேர்விலோ, மாணவர் அக்கூற்றை ஏன் ஏற்றார் என்பதைவிடப் பக்க எண்ணே பெரும்பாலும் கேட்கப்படுகிறது.