இல்லாத பக்கத்துக்கும் ஒரு பதில் உண்டு

பழைய மலர்களைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். 2000-த்தை ஒட்டி வந்த கட்டுரைகள் பலவற்றின் அடியில் எழுதியவருடைய வலைத்தள முகவரி அச்சாகியிருக்கும். அதில் ‘ஜியோசிட்டிஸ்’ முகவரிகள் கொஞ்சமல்ல. 1994-ல் தொடங்கி 1999-ல் யாஹூ வாங்கிய இலவச இடம் அது. வெளியூரில் இருந்த நம்மவர்கள் குலதெய்வக் கோயில் வரலாறு, ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்று என்னென்னவோ அங்கே ஏற்றி வைத்தார்கள். வாசிக்க வேண்டுமானால் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும்! 2009 அக்டோபர் 26-ல் யாஹூ அதை மூடிவிட்டது. அச்சில் நிற்கும் முகவரியை இனி யார் திருத்துவது?

இது நம் ஒருவர் கஷ்டம் அல்ல. 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷம் கழித்துக் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. பக்கம் போவதைத் தடுக்க முடியாமல் இருக்கலாம். போன பக்கத்தைக் கேட்டு வருகிறவருக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

எங்கள் ஆரியங்கோட்டுப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தபால்காரரை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். (1951-ல் இந்தியத் தபாலோடு சேரும் வரை திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்று தனித் தபாலே இருந்தது.) கடிதத்தோடு வருகிறவர் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். ‘இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியாது.’ இது 404. ‘அவங்க வீடு மாத்திப் போயாச்சு, இன்ன இடத்துல இருக்காங்க.’ இது 301. ‘அவங்க இங்க இருந்தாங்க, இப்போ இல்ல, இனிமே வரவும் மாட்டாங்க.’ இதுதான் 410. நாம் உலாவியில் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் முதலில் அனுப்புவது இந்த எண்களில் ஒன்றைத்தான். பக்கம் சரியாக இருந்தால் 200.

301-க்கு எங்கள் எல்லையே உதாரணம். 1956 நவம்பர் 1-ல் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீடு அசையவில்லை, விலாசம் மட்டும் கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. பழைய விலாசத்துக்கு வருகிறவரைப் புதிய விலாசத்துக்கு அனுப்புவதுதான் 301. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம்கூட ஆரம்பத்தில் தமிழ்.நெட் தளத்துக்குள் இருந்து, பிறகு தனி முகவரிக்கு வந்ததுதான். நூல் அதே நூல் என்றால் 301 கொடுப்பதே முறை.

410 தேவைப்படும் இடம் வேறு. சங்கத் தளங்களில் ‘வரன் தேவை’ பக்கங்கள் இருக்கும். படம், நட்சத்திரம், அப்பாவின் தொலைபேசி எண் எல்லாம் அதில் உண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. பெயரைத் தேடினால் இன்னும் அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. ‘அண்ணாச்சி, அதை எடுத்துப் போடுங்க’ என்று வீட்டார் கேட்கிறார்கள். இதில் அவர்கள் மானம் இருக்கிறது. கோப்பை அழித்தால் 404 வரும். தேடுபொறி, தவறுதலாகக் காணாமல் போயிருக்குமோ என்று திரும்பத் திரும்ப வந்து பார்க்கும். 410 என்றால் வேண்டுமென்றே எடுத்தது என்று பொருள். கூகுள் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் நடத்துகிறது என்றாலும், தெளிவாகச் சொல்வதையே நான் விரும்புகிறேன். அப்பாச்சி சர்வரில் ‘ரீடைரக்ட் கான்’ என்று எழுதி அந்த முகவரியைச் சேர்த்தால் போதும், ஒரே வரி வேலை.

பலர் போன பக்கங்களையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். மரியாதைபோலத் தோன்றும், ஆனால் மாமாவைத் தேடி வந்தவரைச் சந்தையில் இறக்கிவிட்ட கதைதான். ‘பக்கம் இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டு உள்ளே 200 அனுப்புவதும் தப்பு. இரண்டையும் தேடுபொறிகள் போலி 404 என்றே கணக்கில் வைக்கின்றன. இன்னொன்று, எடுத்த பக்கத்தை ‘ரோபோட்ஸ்’ கோப்பில் தடுத்து வைக்காதீர்கள். உள்ளே வந்தால்தானே தேடுபொறி 410-ஐப் பார்க்கும்? தளத்தின் மற்றப் பக்கங்களிலும் தளவரைபடத்திலும் அதற்கு இணைப்பு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

410 வாசகருக்கு வெறும் எண்ணாகத் தெரிய வேண்டியதில்லை. ‘இந்தப் பக்கம் குடும்பத்தார் விருப்பப்படி நீக்கப்பட்டது’ என்று இரண்டு வரி தமிழில் எழுதலாம். பெயரை அதில் போடக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் பிரதி இருக்கலாம். நம் 410 அங்கே செல்லாது; அவர்களிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியைத் தொலைத்தவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. ஜியோசிட்டிஸ் பக்கங்கள் கொஞ்சம் அங்கே தப்பிக் கிடக்கின்றன. பழைய மலரில் உள்ள முகவரியை எழுத்துப் பிசகாமல் அடித்துப் பாருங்கள்.